இடுப்பு வலிக்குப் பிடித்துவிடுவது எப்படி?



"இடுப்பு கழன்டு போன மாதிரி இருக்கு." பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமாரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சரிவான மலையில் நின்று, தலைக் கயிற்றில் கூடையின் பாரத்தைத் தாங்கி, குனிந்து குனிந்து கொழுந்து எடுக்கும்போது முதுகெலும்பின் இரண்டு பக்கத்துத் தசைகளும் ஓய்வில்லாமல் இறுகி நிற்கின்றன. கவ்வாத்து வெட்டுகிற, முள்ளுக் குத்துகிற ஆண்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலான இடுப்பு வலி பெரிய நோயால் வருவதல்ல. தசை களைத்துப் பிடித்துக்கொள்வதால் வருவது. சில வாரங்களில் குறைந்துவிடும்.

இந்த மாதிரி வலிக்கு எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுவது நல்லது. நாட்பட்ட இடுப்பு வலிக்குச் செய்யக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னவற்றில் உடற்பயிற்சியோடு பிடித்துவிடுதலும் இருக்கிறது. ஆனால் அது தரும் சுகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் எழுந்து நடமாடினால்தான் முழுப் பயன் கிடைக்கும். நாட்கணக்கில் படுத்தே கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகிப் போகும்.

செய்யும் முறை

1. வேலை முடிந்து, சுடுதண்ணீரில் குளித்த பிறகு பாயில் குப்புறப் படுக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை வைத்தால் இடுப்புக்குச் சுகம்.

2. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். எண்ணெய் கை வழுக்கிப் போவதற்குத்தான். விலை கூடிய எண்ணெய் தேவையில்லை. சித்தாலேப போன்ற தைலம் பூசுவதானால் அட்டை கடித்த இடத்திலும் புண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பிலிருந்து தோள் வரை மெதுவாக உருவிவிடுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது. அதற்கு இரண்டு பக்கமும்தான் அழுத்த வேண்டும்.

4. கயிறு மாதிரி இறுகிய இடம் கையில் தட்டுப்படும். அங்கே பெருவிரலை வைத்து 15, 20 வினாடி அழுத்தி மெல்ல விடுங்கள். வலித்தாலும் "இதமா இருக்கு" என்று சொல்லும் அளவுதான் சரி. மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

5. 10, 15 நிமிடம் போதும். பிறகு ஒருக்களித்து எழுந்து லயத்து வாசலில் கொஞ்சம் நடக்கட்டும்.

செய்யக் கூடாதவை

காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் முதுகில் ஏறி மிதிப்பதும், இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பதும் ஆபத்து. வயதானவர்களின் எலும்பு அதனால் முறிந்துபோகலாம். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்காமல் இடுப்பைப் பிடித்துவிடச் சொல்லக் கூடாது.

இப்படியிருந்தால் பிடித்துவிட வேண்டாம்

விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, இரவில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, கால் மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். மலசலம் அடக்க முடியாமல் போனால், சலம் போகாமல் நின்றுவிட்டால், அல்லது உட்காரும் இடம் மரத்துப்போனால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்குக் கால் மரத்துப்போனது. "ஒரு நா போனா ஒரு பேரு போயிரும்" என்று மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மலைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலம் கடந்துவிட்டது. இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஒரு நாள் பேரை நினைத்து ஒரு காலை இழக்க வேண்டுமா?

வலி வராமல் இருக்க

கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல் இடையிடையே கொட்டுங்கள். நிரை முடிகிற இடத்தில் இடுப்பில் கை வைத்து ஐந்து தடவை பின்னால் சாய்ந்து நிமிருங்கள். கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது முழங்காலை மடித்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். கடையில் வலிக் குளிசை வாங்கி நாளாந்தம் விழுங்காதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

கடைசியாக அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து வந்த பிறகும் தண்ணீர் தூக்கி, விறகு உடைத்து, ரொட்டி சுட்டு, மாமியாருக்குக் கால் பிடித்துவிடுகிறவர் உங்கள் வீட்டு அம்மாதான். அவருடைய முதுகைப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்? இன்று ராத்திரி 10 நிமிடம் நீங்கள் பிடித்துவிடுங்கள். மகனுக்கும் மகளுக்கும் அதைப் பழக்குங்கள்.