கொல்லையில் ஒரு நந்தவனம்

விடியற்காலை ஐந்து மணி. கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்கிறது. 74 வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர், நீராடி, நெற்றியில் திருநீறு துலங்க, ஓலைக் குடலையை இடக்கையில் கோத்துக்கொண்டு, வலக்கையால் சுவரைப் பற்றியபடி இறங்குகிறார். மூன்றே படிகள்தாம். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, ஒரு கணம் நின்று, பிறகே அடுத்த படி.

வண்டு வந்து வாய் வைப்பதற்கு முன் பூவைக் கொய்துவிட வேண்டும் என்பது பூத்தொண்டின் பழைய விதி. தில்லையில் தவமிருந்த முனிவர் ஒருவர், இருட்டிலும் பூத்தெரியக் கண்ணும், பனி படிந்து வழுக்கும் மரத்தில் ஏறப் புலிக்காலும் வேண்டும் என்று இறைவனிடமே வரம் கேட்டுப் பெற்று, வியாக்கிரபாதர் ஆனார். மூட்டுவலியோடு கொல்லைப் படியில் நிற்கும் எவருக்கும் அவர் கேட்ட வரத்தின் அருமை விளங்கும்.

இந்த அம்மையார் அத்தனை பெரிதாக எதையும் கேட்கவில்லை. கொல்லையைப் பூட்டாமல் இருந்தால் போதும் என்பதே அவருடைய வேண்டுதல்.

கணவர் இருந்த காலத்தில் அந்தக் கொல்லையில் தொட்டிகளும் பாத்திகளுமாக நாற்பதுக்கு மேற்பட்ட செடிகள் இருந்தன. குண்டுமல்லி, ரோஜா, கனகாம்பரம், செவ்வரளி, சங்குப்பூ, நித்தியமல்லி என்று மாதத்துக்கு ஒரு மணம். அவர் சிவபதம் அடைந்தபின் நான்கு ஆண்டுகள் அம்மையார் ஒருவராகவே அத்தனைக்கும் நீர் வார்த்தார். சென்ற ஐப்பசி அடைமழையில் கிணற்றடியில் பாசி படர்ந்திருந்தது. அரை வாளித் தண்ணீரோடு வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது இறையருள். ஆனால் மூன்று வாரம் படுக்கை. சென்னையிலிருந்து வந்து பார்த்துக்கொண்ட மகள் புறப்படும்போது சொன்னது ஒன்றுதான்.

“அம்மா, இனிமேல் கொல்லைப் பக்கமே போகாதே. பூ வேண்டுமென்றால் பூக்காரியிடம் வாங்கிக்கொள். நான் பணம் அனுப்புகிறேன்.”

மகள் சொன்னதில் தவறில்லை. கடையில் வாங்கிய பூவை இறைவன் ஏற்கமாட்டான் என்று எந்த அடியாரும் சொன்னதில்லை. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் வேறென்ன செய்வார்கள்? ஆயினும், நேற்று மொட்டாக இருந்ததைப் பார்த்து, இன்று அது மலர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுந்து வருவது ஒரு வழிபாடு. அதை முழக்கணக்கில் வாங்க இயலாது. திருப்புகலூர் முருக நாயனார் புலருமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவையும் தாமே கொய்து, வகைக்கு ஒரு கூடையில் இட்டு, மாலை தொடுத்தார். அவருக்கு அது நாள் முழுதும் நீண்ட வேலை.

அம்மையார் மகளிடம் வாதாடவில்லை. “பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்” என்றார். பாதியும் மிகுதி என்று சில நாட்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மூப்பு வந்த பிறகு தோட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒருநாள் விடைகாண வேண்டிய கேள்வி இது.

முதலில் விடைபெற்றது மல்லிகை. கார்த்திகை முடிவில் மல்லிகையை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, இலை உருவி, எரு இட்டால்தான் பங்குனியில் கொத்துக் கொத்தாக மொட்டு விடும். குனிந்து வெட்ட இயலாதவர் வீட்டில் மல்லிகை கொடியாய் ஓடுமே தவிரப் பூக்காது. அதை அடுத்த தெரு இளம் தம்பதியர் வேரோடு எடுத்துச் சென்றனர். ரோஜாத் தொட்டிகளும் அவர்களோடு போயின. அன்று மாலை விளக்கேற்றியபின் அம்மையார் வெகுநேரம் கொல்லைப் பக்கம் போகவில்லை.

நந்தியாவட்டை தங்கிற்று. அதற்கு நோய் நொடி அரிது. ஆண்டு முழுவதும் பூக்கும். இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் கோபித்துக்கொள்ளாது. வயதானவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய செடி இது. வேலியோரப் பவழமல்லியும் தங்கிற்று. நிலத்தில் விழுந்த பூவை இறைவனுக்குச் சாற்றலாகாது என்னும் விதிக்கு அது விலக்கு. மாலையில் மலர்ந்து, விடியலில் தானே உதிரும். குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவது கடினமாயிற்றே என்றபோது, அம்மையார் வழி கண்டார். இரவு படுக்கப் போகுமுன் துவைத்து உலர்த்திய வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்துவிடுவார். காலையில் நான்கு முனையையும் சேர்த்து எடுத்தால் பவழக்காம்புப் பூக்கள் அத்தனையும் மடியில்.

செம்பருத்தியைத்தான் விடவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. தை மாதம் அதன் கொழுந்துகளில் வெள்ளைப் பஞ்சை ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி படர்ந்தது. இலைகள் சுருண்டன, மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. பூச்சி கசியவிட்ட இனிப்பு நீரில் கரும்பூசணம் பிடித்து, இலைகள் விளக்குக்கரி பூசியதுபோல் ஆயின. மருந்துக் கடையில் ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். அதன்மேல் நச்சுக்குறி இருந்தது. அதைக் கண்டதும் அம்மையார் திருப்பிக் கொடுத்துவிட்டார். நஞ்சுண்ட கண்டனுக்கும் நஞ்சு தெளித்த பூவைச் சாற்ற அவருக்குக் கை எழவில்லை.

இதில் பக்தி மட்டுமன்றி விவேகமும் உண்டு. 2008-ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் புதிதாய்த் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி தொடங்கி வீட்டுச் செம்பருத்தி வரை எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்தடித்தும் அது எளிதில் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்துப் பரப்பப்பட்ட மிகச்சிறு குளவியினம்தான் அதைப் பெருமளவு அடக்கிற்று. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். கொடிய மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது இத்தகைய உதவியாளர்களே.

அம்மையார் செய்தது எளிய வைத்தியம். பூச்சி மண்டிய கிளைகளை வெட்டித் தீயிட்டார். எஞ்சியவற்றைக் குழாய் நீரின் வேகத்தால் கழுவினார். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல்; வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தார். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம். அந்த நாட்களில் செம்பருத்தி பூசைக்கு வரவில்லை.

ஆனால் பூச்சி மீண்டும் மீண்டும் வந்தது. காரணம் எறும்பு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குச் சுமந்தும் செல்லும். நம்மவர் மாடு வளர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். எறும்பைத் தடுக்காதவர் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியை ஒரு பழைய பித்தளைத் தாம்பாளத்தில் செங்கல் வைத்து ஏற்றி, சுற்றிலும் நீர் ஊற்றி அகழி அமைத்தார் அம்மையார். கொசு முட்டையிடாதிருக்க நாள்தோறும் அந்த நீரை மாற்றினார். எறும்பு ஒன்றையும் கொல்லவில்லை.

எறும்பு என்றதும் வைணவ அன்பர்களுக்கு அனந்தாழ்வான் நினைவுக்கு வருவார். இராமாநுசரின் ஆணையை ஏற்றுத் திருமலையில் நந்தவனம் அமைத்தவர் அவர். ஒருமுறை மலையிறங்கி நெடுந்தொலைவு சென்று கட்டுச்சோற்றைப் பிரித்தபோது, அதில் எறும்புகள் மொய்த்திருக்கக் கண்டாராம். திருமலையில் பிறக்கும் பேறு பெற்ற உயிர்களைப் பிரித்து வந்துவிட்டோமே என்று பதறி, மீண்டும் மலையேறி அவற்றை அங்கேயே விட்டுவந்தார் என்பது செவிவழி வரலாறு. அவருடைய தோட்ட வாழ்வும் இனிய காட்சியாக மட்டும் இருந்ததில்லை. நீர்நிலை வெட்டக் கருவுற்ற மனைவி மண் சுமந்தார். உதவ வந்த சிறுவனை, தம் தொண்டில் பங்கு கேட்கிறானே என்று சினந்து கடப்பாரையை வீசினார். அடி பட்டது திருவேங்கடமுடையானின் திருமோவாயில். இன்றும் பெருமானின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றப்படுவதும், கோயிலின் முதல் வாயிலில் ஒரு கடப்பாரை தொங்குவதும் அதன் நினைவாகவே. பூத்தொண்டர்க்கும் உடல் களைப்பும் கோபமும் இருந்தன.

கொல்லையில் எல்லாவற்றையும்விட அம்மையாரைக் கலங்கவைத்தது துளசி. மார்கழிப் பனியில் மாடத்துத் துளசி கருகத் தொடங்கியது. இதைப் படிக்கும் முதியோர் பலருக்கு அந்தக் கலக்கம் புதிதன்று. துளசி பட்டுப்போனால் குடும்பத்துக்கு ஏதோ வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும், சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. அம்மையாரும் நான்கு இரவுகள் உறங்கவில்லை. மகளுக்குச் சொல்லவும் அஞ்சினார்.

துளசி ஆலமரம் அன்று. நன்கு பேணினாலும் சில ஆண்டுகளே வாழும் செடி. குளிர் அதற்கு ஆகாது. மாடத்தின் அடியில் நீர் வடியும் துளை மண்ணால் அடைபட்டிருந்தால் வேர் அழுகும். அன்பின் மிகுதியால் நாள்தோறும் பாலும் மஞ்சளும் குங்குமமும் வேரிலேயே சேர்வதும், அகல்விளக்கின் சுடர் இலையருகே எரிவதும் அதற்குத் துன்பமே. விளக்கை ஒரு முழம் தள்ளி வைப்பதால் பூசைக்குக் குறைவில்லை. கதிர் முற்றி விதையாகும்போதும் செடி தளரும். அந்தக் கதிரைத்தான் மஞ்சரி என்று பெருமாளுக்கு உகந்து சாற்றுகிறோம். பூசைக்கு மஞ்சரி கிள்ளுவதே செடிக்குக் கவாத்தும் ஆகிறது. நம் முன்னோர் வழக்கத்தில் இப்படி ஒளிந்திருக்கும் தோட்டக்கலை இன்னும் எத்தனையோ!

ஊர்ப் பெருமாள் கோயில் பட்டர்தாம் அம்மையாருக்கு ஆறுதல் சொன்னார். “மாமி, செடிக்கும் ஆயுள் உண்டு. உலர்ந்த துளசியும் பெருமாளுக்கு உகந்ததுதான். இலையைச் சேர்த்து வையுங்கள். விதையைத் தை பிறந்ததும் தூவுங்கள்.” அம்மையார் அப்படியே செய்தார். மாடத்தின் துளையை ஒரு கம்பியால் குத்தித் திறந்தார். பாதி மண்ணை மாற்றி, மணல் கலந்து நிரப்பினார். விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, கையளவு மண்ணை மெல்ல உதிர்த்து மூடினார். இரண்டாம் வாரம் கடுகளவு பச்சை தெரிந்தது. அன்றுதான் மகளிடம் பழைய துளசி பட்டுப்போன செய்தியைச் சொன்னார்.

இவற்றுக்கிடையே, விடியலில் நடைப்பயிற்சிக்கு வருவோர் மதிலுக்கு மேல் தொரட்டியை நீட்டிப் பூப்பறிக்கும் வழக்கமும் இருந்தது. கேட்டால், “சாமிக்குத்தான் மாமி” என்பார்கள். கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையை அரசன் யானை சிதறடித்ததற்காக, எறிபத்த நாயனார் அந்த யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். இந்த ஊரில் அம்மையார் மதிலருகே ஒரு நாற்காலியைப் போட்டு ஐந்து மணிக்கே அமர்ந்துவிட்டார். தொரட்டி திரும்பிப் போயிற்று.

கடைசியாக வில்வம். திருவைகாவூர் சென்று வந்தபோது கணவர் வாங்கிவந்து நட்ட கன்று அது. மெல்லவே வளரும் இயல்பினது. இடுப்பளவு உயரம்தான் வந்திருந்தது. மாசியில் ஒருநாள் பார்த்தால் தளிர்கள் பாதியில் கடிபட்டிருந்தன. இலைமேல் பறவை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் நெளிந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் ஆகிய எல்லாம் அதற்கு உணவே. இளம் பருவத்தில் எச்சம்போல் தோன்றி, வளர்ந்தபின் பச்சை நிறம் கொண்டு, ஒரு கன்றை மொட்டையாக்கிவிடும்.

ஐந்து புழுக்கள் இருந்தன. நசுக்குவது எளிது. சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, ஈசனுக்குரிய மரத்தடியில் நின்று அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. புழுக்கள் இருந்த இலைகளைக் காம்போடு கிள்ளி, கொல்லைக் கோடியில் ஆளுயரம் வளர்ந்திருந்த கறிவேப்பிலை மரத்தில் செருகிவைத்தார். அந்த மரத்துக்கு ஐந்து புழு ஒரு பொருட்டன்று. இரண்டு வாரம் தின்றுவிட்டு அவை கூடு கட்டும்; பிறகு கருமையும் வெளிர்மஞ்சளுமான சிறகோடு பறந்துபோகும். அவ்வாண்டு சிவராத்திரிக்கு வில்வத்தைக் கடையில் வாங்கினார்.

இப்போது கொல்லையில் இருப்பவை பதினொன்று. தொட்டிகள் இடுப்பளவு உயரமுள்ள கல் மேடையில் ஏறிவிட்டன, குனிய வேண்டியதில்லை. வாளிக்குப் பதில் கிணற்று மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர் குழாய். பாசி படராதபடி வாரந்தோறும் சுண்ணாம்புத்தூள் தூவித் தேய்க்க ஒரு பையன் வருகிறான். அதற்கான பணத்தை மகள் அனுப்புகிறார்.

பங்குனிப் பிரதோஷத்தன்று காலை குடலையில் விழுந்தவை ஏழு நந்தியாவட்டை, மூன்று செம்பருத்தி. வில்வக் கன்றில் புதிதாய் விட்டிருந்த தளிரில் ஓர் இணுக்கு மட்டும் பழுதின்றி மூன்று இலையும் முழுமையாக இருந்தது. அம்மையார் அதை முந்திய நாளே பார்த்துவைத்திருந்தார்.

எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. முன்பெல்லாம் “கொல்லைக்குப் போனாயா?” என்று கேட்ட மகள், இப்போது வேறு கேள்வி கேட்கிறார்.

“அம்மா, இன்றைக்கு என்ன பூ?”

“அப்பா வைத்த வில்வம்.”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.