வளர்ச்சிக்கு அளவுகோல் எது?

சாந்தோம் நெடுஞ்சாலையில் மாடி மாளிகைகள் ஓங்கி நிற்கின்றன. பேராலயத்திற்கு அப்பால், கடலோரத்தில் மீனவர் குப்பங்கள் உள்ளன. இவ்விரு சாராரின் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கிடைக்கும் தொகை, எவர் வீட்டுக் கணக்கும் ஆகாது. தறியையும் ஏரையும் நம்பி வாழும் அங்கத்தினர்கள் இதனை நன்கு அறிவர்.

இக்குறையை நீக்கவே ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தினர் 1990-ஆம் ஆண்டில் மானிட வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டனர். பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதனை வகுத்தார். நம் நாட்டு அமர்த்தியா சென் துணை நின்றார். ஆயுள், கல்வி, வருமானம் என்னும் மூன்றையும் அது சேர்த்து அளக்கிறது. 2010 முதல் இம்மூன்றையும் கூட்டி வகுப்பதில்லை. பெருக்கி, அதன் மூன்றாம் மூலத்தைக் காண்கின்றனர். ஆகவே, கல்விக் குறையைப் பண மிகுதி எளிதில் மறைத்துவிட இயலாது.

அளந்தால் மட்டும் போதுமோ? 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை இக்கடற்கரைக் குப்பங்களில் உயிர்களைப் பறித்தது. படகுகளையும் வலைகளையும் சிதைத்தது. பல வருஷத்து உழைப்பு ஒரே காலையில் அழிந்தது. ஈட்டியது நிலைக்க வேண்டுமாயின், ஆபத்துக் காலத்திற்கு ஆதரவு வேண்டும்.

அவ்வாதரவை ஒருவர் தனித்துத் தேடல் அரிது. பலர் கூடினால் எளிது. அண்மையிலுள்ள திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இவ்வுண்மைக்குச் சான்று.

எனவே அங்கத்தினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் லாபத் தொகையைக் கேட்டதும் எழுந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் அனைவரும் பள்ளி செல்கின்றனரா? நோயுற்றவர்க்கு உதவி கிட்டியதா? சேமநிதி பெருகியதா? இம்மூன்றையும் கேளுங்கள். நம் சங்கத்தின் வளர்ச்சியைக் காட்டுவன அவ்விடைகளே.