காரில் புது ஸ்டீரியோ மாட்டும் முன் கவனிக்க வேண்டியவை



வரி, எடைக்கல், உரிமம் பற்றியே படித்துப் பழகிய நம் இதழில் கார் ஸ்டீரியோவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இன்று நம்மில் பலர் பழைய கார் வாங்கி ஓட்டுகிறோம். சரக்கு வண்டியும் வைத்திருக்கிறோம். பழைய செட்டை எடுத்துவிட்டுப் போனும் பேசக்கூடிய புது செட் மாட்டுகிறோம். அப்படி மாட்டியதில் நாங்கள் பட்ட அனுபவம் மற்றவர்களுக்கும் வரக் கூடாது என்றே எழுதுகிறோம். நாங்கள் மின்சாரம் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்பும் மண்டிக் கணக்கும்தான். கீழே உள்ளது காசு கொடுத்துக் கற்றது.

நடந்தது இதுதான். தெரிந்த மில்காரர் ஒருவரிடம் பெரிய கார் ஒன்றை வாங்கினோம். அதில் கம்பெனி செட் பாடவில்லை. எங்கள் மகன் புது செட் வாங்கி, திங்கட்கிழமை மாலை ஒரு கடையில் மாட்டக் கொடுத்தான். அங்கிருந்த பையன் பழைய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினான். திரை எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கடைக்காரர், "உள்ளே ஆம்ப்ளிபயர் போய்விட்டது, ஸ்பீக்கரும் அதற்குத் தோதானது, எல்லாவற்றையும் மாற்ற 18,000 ரூபாய் ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டோம். சாவியை எடுத்தும் திரை அணையவில்லை. தானே அணைந்துவிடும் என்று நினைத்து, ஷெட்டில் விட்டு உறை போட்டு மூடிவிட்டான்.

புதன் இரவு ஒரு துக்கச் செய்தி வந்தது. முப்பது வருஷம் எங்களிடம் சரக்கு எடுத்த மளிகைக்காரர். ஒரு நாளும் பாக்கி தவணை தவறாதவர். வியாழன் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வண்டி உறுமக்கூட இல்லை. பாட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பிறகு எங்கள் ஊரில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். டெஸ்ட் லேம்ப்பும் மீட்டரும் மட்டும்தான் கொண்டு வந்தார். ஆம்ப்ளிபயரும் நன்றாக இருந்தது, ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. இரண்டு ஒயர்தான் தப்பு. அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததை வரிசையாகத் தருகிறோம்.

செட் வேறு, ஆம்ப்ளிபயர் வேறு

சாதாரணக் கார்களில் டேஷ் போர்டு செட்டுக்குள்ளேயே சிறிய ஆம்ப்ளிபயர் இருக்கும். அதிலிருந்து ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். விலை கூடிய சில கார்களில் ஆம்ப்ளிபயர் தனிப் பெட்டி. டிக்கியின் பக்கவாட்டிலோ சீட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும்.

நம் பாஷையில் சொன்னால், அந்தக் கார்களில் கம்பெனி செட் கணக்குப்பிள்ளை மாதிரி. சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி. மூட்டை தூக்குவது ஆம்ப்ளிபயர். புது செட்டோ தானே மூட்டையும் தூக்கும். அதன் ஸ்பீக்கர் ஒயரைக் கொண்டுபோய் ஆம்ப்ளிபயரின் உள்வழியில் கட்டுவது, சீட்டு வாங்கக் கை நீட்டுகிறவன் கையில் மூட்டையைப் போடுவது போல. சத்தம் கரகரக்கும், நாளடைவில் ஆம்ப்ளிபயர் கெடவும் கூடும்.

நீலத்தில் வெள்ளைக் கோடு

தனி ஆம்ப்ளிபயர் எப்போதும் விழித்திருக்காது. செட்டைப் போட்டதும் ஒரு ஒயரில் 12 வோல்ட் போய் அதை எழுப்ப வேண்டும். புது செட்டுகளில் பெரும்பாலும் அது நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். எங்கள் வண்டியில் அதைச் சேர்க்காமல் டேப் சுற்றி மடக்கியிருந்தார்கள். ஆம்ப்ளிபயர் எழவே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. 18,000 ரூபாய் செலவு என்றது இந்த ஒரு ஒயருக்காக.

மஞ்சளும் சிவப்பும்

புது செட்டின் மஞ்சள் ஒயருக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில் நிற்கும். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டும். கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், சாவியை எடுத்தாலும் செட் அணையாது. திங்கள் மாலை 7 மணியிலிருந்து வியாழன் காலை 4 மணி வரை 57 மணி நேரம். திரைக்கு ஒரு ஆம்பியர் என்று வைத்தாலும் 57 ஆம்பியர்-மணி. எங்கள் பாட்டரியே 60தான். பிறகு ஸ்டார்ட் எப்படி ஆகும்?

நிறத்துக்கு நிறம் கட்டக் கூடாது

மேலே சொன்ன நிறங்கள் வெளியில் வாங்கும் செட்டுக்கு. காரின் ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 10487 என்ற அளவில் வரும் கப்ளரில் 4-ஆம் ஊசி நிரந்தர மின்சாரம், 7-ஆம் ஊசி சாவி மின்சாரம், 8-ஆம் ஊசி எர்த். சில ஐரோப்பியக் கார்களில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் செட் நினைவு அழிந்துபோகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காரின் கப்ளரை வெட்டவே வேண்டாம். ஒரு பக்கம் காருக்கும் மறுபக்கம் செட்டுக்கும் பொருந்தும் மாற்றுக் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. நாளைக்குப் பழைய செட்டைத் திரும்ப மாட்டவும், காரை விற்கவும் அதுதான் வசதி.

ஆம்ப்ளிபயரை வைத்துக்கொள்ள வழிகள்

1. செட்டின் பின்னால் ஆர்.சி.ஏ. சாக்கெட் இருந்தால் அதிலிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுப்பது. இதுவே நல்ல வழி. எங்கள் வண்டியில் செய்ததும் இதுதான்.

2. ஆர்.சி.ஏ. இல்லாத செட் என்றால், ஸ்பீக்கர் ஒயருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் ஹை லோ கன்வெர்ட்டர் போடுவது. பெரிய சிக்னலைச் சிறிதாக்கி அனுப்பும்.

3. ஆம்ப்ளிபயர் உண்மையிலேயே கெட்டுவிட்டால், அதை விலக்கிச் செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு நேராக ஒயர் இழுப்பது. அதற்கு முன் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மீட்டரில் ஓம்ஸ் பார்க்க வேண்டும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்று சொச்சம் காட்டும், அது சரி. கம்பெனி ஆம்ப்ளிபயர் உள்ள சில கார்களில் 2 ஓம்ஸ், அதற்கும் குறைவான ஸ்பீக்கர்கள் உண்டு. 4 ஓம்ஸுக்குச் செய்த செட்டில் 2 ஓம்ஸ் கட்டினால் இரு மடங்கு மின்சாரம் இழுக்கும். செட் சூடேறிக் கெடும். சில வண்டிகளில் சிறிய ட்வீட்டருக்கு வேண்டிய வடிகட்டலும் ஆம்ப்ளிபயருக்குள்ளேயே நடக்கும். அதை விலக்கினால் ட்வீட்டருக்கு கெப்பாசிட்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துவிடும்.

எந்த வழியானாலும் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரைப் பாடியில் எர்த் செய்யக் கூடாது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் மின்சாரம் உண்டு. பாடியில் தொட்டால் செட் போய்விடும்.

அட்டைப்பெட்டியில் போட்ட வாட்

செட் அட்டையில் "50 வாட் × 4" என்று போட்டிருந்தது, அதாவது 200 வாட். பின்னால் இருந்த பியூஸ் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 140. உள்ளே 140 வாட் வாங்கிக்கொண்டு வெளியே 200 வாட் தொடர்ந்து எப்படிக் கொடுக்கும்? அது ஒரு நொடி உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவுதான். காருக்குள் கேட்க அது தாராளம். பெரிய எண்ணைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சரக்கு வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

பெரிய லாரிகளில் இரண்டு பாட்டரி சேர்ந்து 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுப்பதும் தவறு. ஒன்று சீக்கிரம் இறங்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். இரண்டுமே ஆயுள் குறையும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதே முறை.

வேலை தொடங்கும் முன் பாட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குடையது. அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. சில கம்பெனி செட்டுகள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே கார் புத்தகத்தில் பார்த்து வைக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் சாவி மின்சாரம் தனி ஒயரில் வராது. கேன் என்ற இணைப்பில் செய்தியாகத்தான் வரும். அதற்கென்று உள்ள இன்டர்பேஸ் பெட்டி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால், பிறகு அந்தப் பகுதிக்கு வாரண்டி தர மறுப்பார்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது மூன்று சோதனை போதும். சாவியை எடுத்தால் செட் அணைகிறதா? மறுபடி போட்டால் மணியும் ஸ்டேஷனும் நிற்கிறதா? இன்ஜினை ஏற்றி இறக்கும்போது ஸ்பீக்கரில் கூடவே சீழ்க்கை ஏறி இறங்குகிறதா? சீழ்க்கை வந்தால் எர்த் சரியில்லை. அப்போதே சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கப்ளர், ஆர்.சி.ஏ. ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. அந்தப் பெரியவர் நினைத்திருந்தால் 10,000 கேட்டிருக்கலாம், நாங்களும் கொடுத்திருப்போம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்று எங்கள் வண்டிகளின் மின் வேலை எல்லாம் அவருக்குத்தான். தெரிந்த வியாபாரிகள் பத்துப் பேரையும் அவரிடம் அனுப்பியிருக்கிறோம். நம் கடைப்படி ஏறுகிறவர்களிலும் பருப்பின் ரகமும் எண்ணெயின் தரமும் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நாம் எந்தக் கடைக்காரராக இருக்கிறோம் என்பதையும் அவரவர் பார்த்துக்கொள்வது நல்லது.