மறைந்த இயங்குதளத்தை மீட்டல்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டி நிற்கும் தகுதிகளோ பழைய கணனிகள் பலவற்றிற்கு இல்லை. ஆதலின், உள்ளதை நீக்க மனமின்றி அதனருகே லினக்ஸ் குடும்பத்து இயங்குதளம் ஒன்றையும் நிறுவிக்கொள்வோர் உளர். அங்ஙனம் நிறுவியபின் முன்னையது காணாமற் போதலும் உண்டு. அவ்விடரின் இயல்பையும், அதனின்று மீளும் வழியையும் ஈண்டு ஆராய்வாம்.

எம்முடன் பயின்று, பின்னர் ஆசிரியராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், முப்பதாண்டுப் பாடக்குறிப்புகளைத் தம் கணனியிற் சேமித்து வைத்திருந்தார். அவர்தம் பேரன் அதில் லினக்ஸை நிறுவினான். மறுநாள் விண்டோசைக் காணாத நண்பர், எல்லாம் அழிந்தன எனக் கலங்கி, வன்றட்டைத் துடைத்து விண்டோசை மீள நிறுவத் துணிந்தார். யாம் தடுத்திராவிடின் அக்குறிப்புகள் உண்மையாகவே அழிந்திருக்கும். நூல்நிலையத்துப் பட்டியலில் ஒரு நூலின் பெயர் விடுபட்டமையால், அந்நூல் அலுமாரியில் இல்லையென்றாகுமோ? அவர் நிலையும் அத்தகையதே.

கணனிக்கு மின் பாய்ந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருளாகும். அது தொடக்கி எனப்படும் சிறு செய்நிரலைத் தேடி, அதனிடம் பொறுப்பை ஒப்புவிக்கும். தொடக்கியே இயங்குதளத்தை நினைவகத்திற்கு அழைத்துவரும். பயோஸ் முறையிலமைந்த பழைய கணனிகளில், வன்றட்டின் முதல் 512 பைற்றுகளே தொடக்கியின் இருப்பிடம். அவற்றுள் 446 தொடக்கிக்கும், 64 வன்றட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணைக்கும், எஞ்சிய 2 அடையாளத்திற்கும் உரியன. இருக்கை ஒன்றேயாதலின், பின்வந்த இயங்குதளம் முன்னையதன் தொடக்கியை அகற்றித் தன்னதை அமர்த்தும். யூஈஎஃப்ஐ முறையிலமைந்த புதிய கணனிகளிலோ தொடக்கிகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றுண்டு. எதனை முதலில் அழைப்பது என்னும் ஒழுங்கு தாய்ப்பலகையின் நினைவிற் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்விரு முறைகளிலும் மாறுவது தொடக்கியும் ஒழுங்குமே. இயங்குதளம் தன் பிரிவிலேயே இருக்கும்.

எனவே, முதற்கண் செய்யத்தக்கது சோதனையே. நிறுவாமலே இயங்கவல்ல லினக்ஸைக் கொண்ட பென் டிரைவினாற் கணனியைத் தொடக்கி, பிரிவுகளின் பட்டியலை நோக்குக. விண்டோசுக்குரிய என்டிஎஃப்எஸ் வகைப் பெரும்பிரிவு அங்கு இருப்பின் அஞ்சவேண்டுவதில்லை. வேண்டிய கோப்புகளைப் புறத்தட்டு ஒன்றிற் படியெடுத்த பின்னரே அடுத்த கருமத்தைத் தொடங்குக. அப்பிரிவு பிற்லொக்கராற் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங் கொண்ட மீட்பு எண் கைவசம் இருத்தல் வேண்டும்.

பின்னர் நிறுவியது லினக்ஸாயின், அதன் தொடக்கியாகிய கிரப் காட்டும் பட்டியில் விண்டோஸ் விடுபட்டிருக்கலாம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதலாகப் பிற இயங்குதளங்களைத் தேடும் வழக்கம் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது. 'ஈடிசி' கோப்புறையினுள் 'டிபோல்ற்' என்னும் உட்கோப்புறையிலுள்ள 'கிரப்' கோப்பைத் திறந்து, 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்' என்பதற்கு 'ஃபோல்ஸ்' என்னும் பெறுமானத்தை இடுக. பின்னர் உபுண்டு போன்றவற்றில் 'சூடோ அப்டேற்-கிரப்' என்னுங் கட்டளையை முனையத்திற் கொடுக்க, விண்டோஸ் பட்டியில் மீளத் தோன்றும். தோன்றாவிடின், ஒன்று பயோஸ் முறையிலும் மற்றையது யூஈஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டனவோ என நோக்குக.

பின்னர் நிறுவியது விண்டோசாயின் மறைவது லினக்ஸாகும். புதிய கணனியாயின், நிலைபொருளின் அமைப்புத்திரையுட் புகுந்து தொடக்க ஒழுங்கில் லினக்ஸை முதலில் வைத்தலே பெரும்பாலும் போதும். பழைய கணனியாயின், பென் டிரைவிலுள்ள லினக்ஸின் துணைகொண்டு கிரப்பை வன்றட்டின் தலைப்பில் மீள நிறுவுதல் வேண்டும்.

நிறுவும்போது வன்றட்டு முழுவதையும் அழிக்குமாறு பணித்திருப்பின் நிலைமை வேறு. அப்பொழுது அக்கணனியில் யாதொன்றையும் மேலும் எழுதலாகாது. டெஸ்ற்டிஸ்க் என்னும் இலவசச் செய்நிரல், இழந்த பிரிவுகளைச் சிலபோது தேடித்தரும். ஆயினும், மேலெழுதப்பட்ட இடத்திலிருந்தவை மீளா.

எம் நண்பரின் கணனியில் நேர்ந்தது கிரப் பட்டியிற் காணும் குறையே. ஒரு சொல்லைத் திருத்தியதும் விண்டோஸ் தோன்றிற்று. குறிப்புகளும் குறைவின்றிக் கிடைத்தன. அன்றே அவற்றைப் புறத்தட்டிற் படியெடுக்குமாறு பேரனைப் பணித்தார். இரண்டாவது இயங்குதளத்தை நிறுவ விழையும் அன்பர்கள் அப்படியை முன்னரே எடுத்துவைத்தல் நன்று. இடர் நேர்ந்துழியும், இழந்தது பொருளோ வழியோ என்று ஆராயாமல் வன்றட்டில் கைவையாதிருப்பாராக.