பாவலா

தியாகதுருகத்து மலைக்கோட்டை 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் முற்றுகைக்குப் பணிந்தது. பாவம், கற்கோட்டையால் நகர முடியுமா? எதிரியை ஏய்க்கத்தான் முடியுமா? அம்மலையின் நிழலில் சடுகுடு ஆடும் பையன்கள் சங்கதி வேறு. பாடிப் போகிறவன் வலக்காலை நீட்டுகிறான். பிடிக்க நிற்பவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததுமே, இடப்புறத்தில் ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடுகிறான்.

இதைத்தான் பாவலா என்கிறோம். சிலம்பத்தில் இது இன்னும் அழகு. தலைக்கு அடி வருகிறதென்று எதிராளி கம்பை உயர்த்துவார். அதற்குள் அடி முழங்காலுக்கு இறங்கியிருக்கும். அவர் உயர்த்தாவிட்டாலோ, தலையில் விழுவது மெய்யான அடியே! நல்ல பாவலா பாதி உண்மை. அதனால்தான் அதை அலட்சியம் செய்ய முடிவதில்லை.

கண்டதற்கேற்ப உடலை இயக்க மனிதனுக்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். ஓர் அசைவுக்கு மூளை முனைந்துவிட்டால், உடனே தொடர்ந்து வரும் இரண்டாவதற்கு இன்னும் தாமதமாகிறது. அந்த இடுக்கில்தான் கெட்டிக்கார ஆட்டக்காரன் புகுந்துவிடுகிறான். ஆகவே எதிராளியின் இடுப்பைக் கவனிப்பது நல்லது. தலையும் காலும் எளிதில் பொய் சொல்லும்; உடலின் பாரத்தைத் தாங்கும் இடுப்பு அவ்வளவு எளிதில் சொல்லாது.

போர்க்களத்திலும் இதே யுக்திதான். கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாந்தர் இரவுதோறும் குதிரைப்படையை ஆரவாரத்துடன் நடத்தினான். எதிர்க்கரையில் புருஷோத்தமனின் படையும் யானைகளும் கூடவே அலைந்து சலித்து, கடைசியில் பொருட்படுத்தாமல் விட்டன. பிறகு ஒரு மழை இரவில் அவன் மெய்யாகவே ஆற்றைக் கடந்தான்.

“இது பொய்யல்லவா, ஸார்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருவரும் விழிப்போடு நிற்கும் களத்தில் இது பொய்யாகாது என்பதே என் கட்சி. ஆயினும் எல்லை உண்டு. கால்பந்தில் பெனால்டி உதைப்பவர் ஓடிவரும்போது பாவலா காட்டலாம். ஓடி முடித்தபின் காட்டலாகாதென்று 2010-ல் தீர்மானித்தார்கள். கிரிக்கெட்டில் 2017-ல் வந்த விதி இன்னும் நியாயமானது. கையில் பந்தே இல்லாதவன் எறிவதாக நடித்தால், அதில் பாதி உண்மைகூட இல்லையே! அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து அணியின் லபுஷேன், பாய்ந்தும் பிடிக்கத் தவறிய பந்தை எறிவதுபோல் பாவனை செய்தார். நடுவர்கள் எதிரணிக்கு 5 ஓட்டங்களை வழங்கிவிட்டார்கள்.