சி ஷிப்ட் முடிந்து வரும் சர்க்கரை

சென்னையின் சர்க்கரை நோய் ஆய்வாளர் டாக்டர் ஏ.ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1989-ல் கிராமத்து மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 2.4 பேருக்குத்தான் சர்க்கரை இருந்தது. 2003-ல் திரும்பவும் சோதித்தார்கள். 6.4 ஆகியிருந்தது. 2006-ல் சென்னை, காஞ்சிபுரம், நகரத்தை ஒட்டிய கிராமங்கள் என மூன்று இடங்களில் ஒரே முறையில் அளந்தார்கள். சென்னையில் 18.6 சதவீதம், காஞ்சிபுரத்தில் 16.4, கிராமங்களில் 9.2. வயலில் இறங்கி வேலை செய்த உடம்பு உட்கார்ந்த உடம்பாக மாறும் வேகத்தை இதைவிடத் துல்லியமாக யாராலும் எழுத முடியாது.

அந்த ஆண்டுகளில்தான் சென்னையை அடுத்த ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கமெல்லாம் ஏரிப் பாசன நிலங்கள் தொழிற்பேட்டைகளாக மாறிக்கொண்டிருந்தன. இன்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அந்தச் சாலையில் கம்பெனி பஸ் ஓடாத நேரமே இல்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், இரவில் சி ஷிப்ட். வாரம் மாறினால் தூக்கமும் சாப்பாடும் மாறும்.

ராமச்சந்திரனின் ஆய்வுகளில் உலகம் அதிகம் பேசுவது 2006-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வைத்தான். சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஆனால் ஒரகடத்தில் நின்று பார்க்கிற எனக்கு, 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வே பெரியதாகப் படுகிறது. 35 முதல் 55 வயது வரை உள்ள, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முதல் நான்கு எஸ்எம்எஸ் அனுப்பினார்கள்: எதைச் சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று. இரண்டு ஆண்டு முடிவில், எஸ்எம்எஸ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. வந்தவர்களில் 18 சதவீதம். மருந்து இல்லை, மாத்திரை இல்லை.

அந்த 537 பேரும் ஆண்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த தொழிலாளர் விடுதி 18,720 பெண்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. வெளியே வாடகை வீடுகளில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள் தனி. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். இரவெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் தொழிற்சாலை லைனில் நின்றுவிட்டு, ஊரே எழுந்திருக்கும்போது படுக்கப் போகிறார்கள்.

இரவு வெளிச்சம், தூக்கத்துக்கு உடம்பைத் தயாராக்கும் மெலடோனின் சுரப்பை அடக்குகிறது. நடுராத்திரியில் சாப்பிடும் சோற்றுச் சர்க்கரையைக் கையாள, பகலில் உள்ள திறன் உடம்புக்கு அப்போது இருப்பதில்லை. அமெரிக்காவில் ஒன்றே முக்கால் லட்சம் நர்சுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. நைட் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களில், மூன்று முதல் ஒன்பது ஆண்டு பார்த்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். 20 ஆண்டு தாண்டியவர்களுக்கு 58 சதவீதம். ஏறிய எடையும் இதில் ஒரு பங்கு என்று அந்த ஆய்வே சொல்கிறது. அந்த எடை ஏறியதற்கும் ஷிப்டுக்கும் சம்பந்தம் இல்லையா?

சர்க்கரையோடு இது நிற்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரவுப் பணியைப் ‘பெரும்பாலும் புற்றை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அங்கேயே வைத்தது. அந்தச் சான்றுகளில் பெரும்பகுதி பெண்களின் மார்பகப் புற்றைப் பற்றியது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர்ப் புற்று வரும் வாய்ப்பு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அமெரிக்காவின் நீரிழிவுச் சங்கமும் புற்றுநோய்ச் சங்கமும் 2010-ல் சேர்ந்து எழுதின.

பரம்பரைதான் முதல் காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைகள்தான் பல குடும்பங்களின் கடனை அடைத்தன என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை.

இருபத்திரண்டு வயதில் கான்ட்ராக்டில் சேரும் பெண், மூன்று நான்கு ஆண்டுகளில் கல்யாணமாகித் திண்டிவனத்துக்கோ ஒடிசாவுக்கோ போய்விடுகிறாள். நோய் வந்தால் நாற்பதில், நாற்பத்தைந்தில் வரும். அன்றைக்கு அவளைப் பார்க்கும் டாக்டருக்கு அவள் எத்தனை இரவு லைனில் நின்றாள் என்பது எப்படித் தெரியும்? பி.எஃப். கணக்கு அவளோடு போகிறது. பார்த்த நைட் ஷிப்டுகளின் எண்ணிக்கையும், சேர்ந்த அன்றும் விலகிய அன்றும் எடுத்த சர்க்கரை அளவும் அதே போல் அவள் கையில் போய்ச் சேர வேண்டும். புற்றுநோய்ப் பதிவேட்டுப் படிவத்தில் ‘இரவுப் பணி பார்த்தவரா, எத்தனை ஆண்டு?’ என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ராமச்சந்திரன் குழு நிரூபித்துக் காட்டிய அந்த எஸ்எம்எஸ்ஸைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இந்தப் பெண்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு அல்ல, அப்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி கான்டீன் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.