கியர் வண்டிக்கு ஏன் தனி லைசென்ஸ்?



"பதினெட்டு வயசு ஆயிட்டா எந்த வண்டியும் ஓட்டலாம்", "ஸ்கூட்டி லைசென்ஸ் இருந்தா பைக்கும் ஓட்டலாம்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டுமே தவறு. எங்கள் அத்தை கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தபோது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதன்படி இரு சக்கர வண்டிக்கு இரண்டு வகை லைசென்ஸ் உண்டு. ஒன்று கியர் இல்லாத வண்டிக்கு, இன்னொன்று கியர் உள்ள வண்டிக்கு. கியர் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஆனால் ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டும் இருப்பவர் பைக் ஓட்டக் கூடாது.

ஏன் இப்படி? ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும்தான். இப்போது வரும் பைக்கில் இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர், வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், வலது காலில் பின் பிரேக். நாலும் ஒன்றுக்கொன்று ஒத்து வேலை செய்யணும். கிளட்சை டக்கென்று விட்டால் வண்டி துள்ளும், இல்லாவிட்டால் நடு ரோட்டில் அணைந்துவிடும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

எங்கள் மாமா வெளிநாட்டில் வேலை செய்கிறார். அவருடைய பைக் திண்ணை ஓரமாக சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. அத்தை தையல் கம்பெனிக்குப் போகிறார். வேலை முடிவதற்குள் எங்கள் ஊர் கடைசி பஸ் போய்விடும். "உனக்குத்தான் ஸ்கூட்டி லைசென்ஸ் இருக்கே, சும்மா எடுத்து ஓட்டு. யாரு கேக்கப் போறா?" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அத்தை டிரைவிங் ஸ்கூலில் போய் விசாரித்தார். அங்கே சொன்னது இதுதான்: அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டும். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே திரும்பக் கேட்கலாம். மாமா அனுப்பும் பணம், வீடு எல்லாம் அதிலேயே போய்விடும். இதைக் கேட்டதும் அத்தை முறையாகவே எடுக்க முடிவு செய்தார்.

லைசென்ஸ் எடுக்கும் முறை:

1. முதலில் எல்.எல்.ஆர். எடுக்கணும். இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்குச் சாலை விதிகள், குறியீடுகள் பற்றிக் கேள்வி கேட்பார்கள். அத்தை போல ஏற்கெனவே ஒரு லைசென்ஸ் உள்ளவர்கள், அதிலேயே புதிய வகையைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம்.

2. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டணும். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் உள்ள, கற்றுத்தருபவர் மட்டும் உட்காரலாம்.

3. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டப் போகலாம். அதற்குள் நன்றாகப் பழகிவிடணும்.

4. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் 'எட்டு' போட்டுக் காட்டணும். கால் கீழே ஊன்றக் கூடாது. கை சைகையும் காட்டணும்.

5. தேறாவிட்டால் பயப்பட வேண்டாம். 7 நாள் கழித்து மறுபடி போகலாம். எங்கள் அத்தைக்கு முதல் தடவை கால் ஊன்றிவிட்டது. வீட்டு வாசலில் சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்து தினமும் பழகினார். இரண்டாம் தடவை தேறிவிட்டார். 36 வயதில்!

நம் நாட்டில் கியர் லைசென்ஸ் ஒன்று இருந்தால் 100 சிசி வண்டிக்கும் 500 சிசி வண்டிக்கும் அதுவே போதும். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே 17 வயதில் 125 சிசி வரைதான். நடுத்தர வண்டிக்கு 19 வயது ஆகணும். மிகப் பெரிய வண்டிக்கு நேரடியாகத் தேர்வு எழுத 24 வயது ஆகணும். இங்கே சட்டம் கேட்காவிட்டாலும், சிறிய வண்டியில் நன்றாகப் பழகிய பிறகு பெரிய வண்டிக்குப் போவதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். பெரிய வண்டி எடை அதிகம், வேகமும் அதிகம்.

இப்போது நமக்கு வருவோம். 16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும் என்று சில அண்ணன்கள் சொல்கிறார்கள். அது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நம் ஊரில் மூட்டை ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட 50 சிசியைத் தாண்டியது. அதையும் 18 ஆன பிறகுதான் ஓட்டலாம். 2019-இல் திருத்திய சட்டப்படி, 18 வயது ஆகாதவர் சட்டத்தை மீறி வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நாம் பத்து நிமிஷம் ஜாலியாகப் போவதற்கு நம் அப்பா ஜெயிலுக்குப் போகணுமா?

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். வண்டி வகை என்ற இடத்தில் 'எம்.சி.டபிள்யூ.ஜி.' என்று இருந்தால் கியர் வண்டி ஓட்டலாம். நடுவில் ஒரு 'ஓ' சேர்ந்து 'எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.' என்று இருந்தால் கியர் இல்லாத வண்டி மட்டும்தான். அப்படியே எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் எடுத்த பின் கியரைப் போடு!
தலைக்கவசம் போட்ட பின் வண்டியை எடு!



— 9-ஆம் வகுப்பு மாணவி